துர்கானா ஏரிக்கரைக் காற்றும் யூரோ ஒப்பந்தமும்

கென்யாவின் வடக்கே, துர்கானா ஏரிக்குத் தென்கிழக்கில், மார்சபிட் மாவட்டத்தின் வறண்ட மேய்ச்சல் நிலத்தில் 365 காற்றாலைகள் நிற்கின்றன. இந்தியப் பெருங்கடலிலிருந்து எழும் காற்று, எத்தியோப்பிய, கென்ய உயர்நிலங்களுக்கு இடைப்பட்ட தாழ்நிலத்தில் ஒடுங்கி வேகம் கொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பயணம் செய்த வாசகர்களுக்கு இதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை. காற்றாலை ஒவ்வொன்றின் திறன் 850 கிலோவாட். மொத்தம் 310 மெகாவாட். 2019 ஜூலையில் அன்றைய அதிபர் உஹுரு கென்யாட்டா இதனைத் தொடங்கி வைத்தார். முதலீடு ஏறத்தாழ 62 கோடி யூரோ. கென்யா அதுவரை கண்ட தனியார் முதலீடுகளுள் இதுவே மிகப் பெரியது எனப்பட்டது.

பணம் எங்கிருந்து வந்தது? காற்றாலைகளைத் தந்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் நிறுவனம் பங்குதாரராகவும் சேர்ந்தது. பின்லாந்து, நார்வே, டென்மார்க் ஆகிய நாடுகளின் வளர்ச்சி நிதி நிறுவனங்கள் பங்கு வாங்கின. கடன் திரட்டும் பணியில் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி முன்னின்றது. ஒரு நாட்டுக்குள் இவ்வளவு அந்நிய முதலீடு வருவது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், வங்கியில் பணியாற்றும் நாம் தொகையைப் பார்த்தவுடன் அடுத்து இரண்டு கேள்விகளைக் கேட்கப் பழகியிருக்கிறோம்: திருப்பிச் செலுத்துவது எந்த நாணயத்தில்? தாமதம் நேர்ந்தால் இழப்பு யாரைச் சேரும்?

முதல் கேள்விக்கு விடை யூரோ. அரசின் பெரும்பங்கு கொண்ட கென்யா பவர் நிறுவனம், 20 ஆண்டுகளுக்கு ஒரு யூனிட்டுக்கு 7.52 யூரோ சென்ட் வீதம் மின்சாரத்தை வாங்க ஒப்புக்கொண்டது. கடன் ஒப்பந்தங்கள் கையெழுத்தான 2014-இல் ஒரு யூரோவின் மதிப்பு 120 ஷில்லிங்கை ஒட்டியிருந்தது. அந்த விகிதத்தில் ஒரு யூனிட்டின் விலை சுமார் 9 ஷில்லிங். 2024-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் யூரோ 170 ஷில்லிங்கைத் தாண்டியபோது, அதே 7.52 சென்ட் ஏறத்தாழ 12.80 ஷில்லிங் ஆயிற்று. காற்று மாறவில்லை, இயந்திரமும் மாறவில்லை. பின்னர் ஷில்லிங் ஓரளவு மீண்டது. ஆனால் நைரோபியில் மின் கட்டணம் செலுத்தும் குடும்பம் ஷில்லிங்கில்தான் சம்பாதிக்கிறது.

முதலீட்டாளரையும் குறை கூற இயலாது. யூரோவில் கடன் வாங்கியவர் யூரோவில் வருமானம் கேட்பது இயல்பு. நம் கிளைகளுக்கு வரும் ஏற்றுமதியாளர்கள் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ முன்பேர ஒப்பந்தம் செய்து தங்கள் செலாவணி அபாயத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஷில்லிங் போன்ற சிறிய நாணயத்துக்கு 20 ஆண்டுக் காப்பினை நியாயமான விலைக்குச் சந்தையில் பெறுவது அரிது. யாரேனும் சுமக்க வேண்டிய அந்தச் சுமையைக் கென்யா ஏற்றது.

இரண்டாவது கேள்விக்கான விடை இன்னும் கசப்பானது. காற்றாலைகள் 2017-இன் தொடக்கத்திலேயே தயாராகிவிட்டன. ஆனால் மின்சாரத்தைச் சுஸ்வா நகருக்குக் கொண்டுசெல்ல வேண்டிய, 400 கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள மின்தடம் முடியவில்லை. அதனை அமைப்பது அரசின் பொறுப்பு. பணியை ஏற்றிருந்த ஸ்பானிய நிறுவனம் நிதி நெருக்கடியில் வீழ்ந்தது. இறுதியில் சீன நிறுவனங்கள் முடித்தன. 2018 செப்டம்பரில்தான் மின்சாரம் தொகுப்பைச் சேர்ந்தது. இடைப்பட்ட காலத்துக்கு, வாங்காத மின்சாரத்துக்காக, 12 கோடி யூரோவுக்கும் அதிகமான தொகை கென்யாவின் கணக்கில் ஏறியது. அதில் ஒரு பகுதியை அரசு செலுத்தியது. எஞ்சியது மின் விலையில் சேர்க்கப்பட்டது. தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்துக்கும் கென்யா பணம் கட்ட நேரிடலாம் என்ற கவலையால், உலக வங்கி 2012-இலேயே இத்திட்டத்திலிருந்து விலகியிருந்தது என்பதை இங்கே நினைவுகூரலாம்.

ஆகவே இத்திட்டம் தவறு என்று சொல்வோமா? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. இன்று கென்யாவின் மின்சாரத்தில் குறிப்பிடத்தக்க பங்கு காற்றிலிருந்து கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி இந்த ஏரிக்கரையிலிருந்து வருவது. இது இல்லையெனில் அனல் நிலையங்களுக்கு எண்ணெய் இறக்குமதி செய்ய வேண்டும். அதற்கும் டாலர் தேவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. எண்ணெய் விலை ஏறினால் குறைவாக வாங்கலாம். இங்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

இந்தியாவில் ஏற்பாடு வேறு. புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்குத் தனி அனுமதி தேவையில்லை. ஆயினும் மின் கொள்முதல் விலை ரூபாயில் நிர்ணயமாகிறது. 2017 பிப்ரவரியில் நடந்த நாட்டின் முதல் காற்று மின் ஏலத்தில் கிடைத்த விலை யூனிட்டுக்கு 3.46 ரூபாய். ரூபாய் சரிந்தால் அந்த இழப்பை வெளிநாட்டு முதலீட்டாளரே தாங்க வேண்டும். அதற்கான காப்புச் செலவையும் கூட்டியே அவர் விலை கேட்பார். எனவே இதுவும் இலவசமன்று. எனினும் அச்செலவு ஏல நாளிலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. பெரிய உள்நாட்டுச் சந்தையும் ரூபாயில் நீண்ட காலக் கடன் தரும் வங்கிகளும் இருப்பதால்தான் இது இயன்றது. கென்யாவுக்கு அந்த வலிமை அன்று இல்லை.

சார்பு ஒருபக்கமானதும் அன்று. கென்யா பவர் தள்ளாடினால் வடக்கு ஐரோப்பிய நிதி நிறுவனங்களின் கணக்கும் தள்ளாடும். 2021-இல் கென்ய அதிபர் அமைத்த குழு, தனியார் மின் ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்து விலையைக் குறைக்கப் பேசுமாறு பரிந்துரைத்தபோது, பங்குதாரர்களும் கவலைகொள்ள நேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில், திட்டத்துக்கான நிலப் பத்திரங்கள் முறைப்படி வழங்கப்படவில்லை என மேருவில் உள்ள நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர்கள் அந்நிலத்தில் கால்நடை மேய்த்து வாழ்ந்த சமூகத்தினர். 2023-இல் வெஸ்டாஸ் மற்றும் பின்லாந்து, டென்மார்க் நிறுவனங்களின் பங்குகளை, மொத்தம் 31.25 சதவீதம், அமெரிக்காவின் பிளாக்ராக் நிறுவனத்தின் நிதியம் ஒன்று வாங்க ஒப்பந்தம் செய்தது. உரிமையாளர்கள் மாறினாலும் கென்யா பவருடனான 20 ஆண்டு ஒப்பந்தம் அப்படியே தொடர்கிறது.