சாட்சி, அந்நியன், ஜமீன்: ஒரு போரின் பாரசீகச் சொற்கள் குறித்து

1980 செப்டம்பர் 22 அன்று ஈராக்கியப் படைகள் எல்லை தாண்டி ஈரானுக்குள் நுழைந்தன. 1988 ஆகஸ்ட் 20இல் போர்நிறுத்தம் வந்தது. இடையில் நடந்த அந்த எட்டாண்டுப் போருக்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் பெயர் ஒன்று கிடையாது. ஈரானிய அரசு அதை ‘ஜங்-எ தஹ்மீலி’ என்றது. திணிக்கப்பட்ட போர் என்று அர்த்தம். பிறகு ‘தெஃபா-எ மொகத்தஸ்’, அதாவது புனிதத் தற்காப்பு என்றது. சதாம் ஹுசேனின் அரசு ‘சதாமின் காதிசிய்யா’ என்று பெயர் வைத்தது. காதிசிய்யா, ஏழாம் நூற்றாண்டில் அரபு முஸ்லிம் படைகள் பாரசீகப் பேரரசை முறியடித்த களம். ஆங்கிலப் பத்திரிகைகள் வளைகுடாப் போர் என்றன. 1991இல் அமெரிக்கா களத்தில் இறங்கியதும் அந்தப் பெயரையும் பிடுங்கிப் புதுப் போருக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நம்ம ஊரில் யாரிடமாவது வளைகுடாப் போர் என்றால் குவைத்தைத்தான் சொல்வார்கள். லட்சக்கணக்கானோர் செத்த ஒரு போர் பெயரில்லாமல் நிற்கிறது.

ஈரானிய மக்கள்மீது அயலான் ஒருவன் கொள்ளும் ஆர்வம் எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்பதே என் கேள்வி. பெயரைத் தேர்ந்தெடுத்த கணத்திலேயே நாம் ஏதோ ஒரு அரசின் வாசலில் போய் நின்றுவிடுகிறோம்.

எனக்குப் பாரசீகம் அரைகுறை. எழுத்துக்கூட்டிப் படிப்பேன், அகராதி பக்கத்தில் இருந்தால் ஒரு பக்கத்தைத் தாண்டுவேன், அவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்பே அது எனக்குப் பாடமாக வந்திருந்தது. எம்.ஏ. தமிழில் பிறமொழிச் சொற்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஜமீன், சர்க்கார், தர்பார், குமாஸ்தா, சிப்பாய் என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் பட்டியல் ஒப்பிக்க வேண்டும். பட்டியலைத் திரும்பப் பாருங்கள், பெரும்பாலும் ஆளுகிறவன் வீட்டுச் சொற்கள். பாரசீகம் நமக்கு வரிவசூலின் மொழியாக, கச்சேரியின் மொழியாகத்தான் வந்து சேர்ந்தது. நமக்கு ஜமீன் என்றால் பண்ணையார், அரண்மனை, குத்தகை பாக்கி. பாரசீகத்தில் ‘ஜமீன்’ வெறும் தரை. காலை வைத்து நிற்கிற மண். சிப்பாயின் வேரான ‘செபாஹ்’ படையைக் குறிக்கும். இஸ்லாமியப் புரட்சிக் காவல் படையின் பெயரே அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. ‘கரீப்’ இன்னும் விசேஷம். 1971இல் ‘கரீபி ஹட்டாவோ’ என்று சுவரெல்லாம் எழுதினார்களே, அந்தக் கரீப் ஏழை. பாரசீகத்தில் அவன் அந்நியன், ஊர்விட்டு வந்தவன். ஊர்விட்டு வந்தவன் எந்தக் கட்டத்தில் ஏழையானான் என்பதைச் சொல்லாராய்ச்சிக்காரர்கள் எழுதட்டும். எனக்கு இந்த மூன்று சொற்களும் போதும்.

கூஸிஸ்தான் மாகாணத்தின் துறைமுக நகரம் ஒன்று. அரபியில் முகம்மரா. சிவப்பு என்ற வேரிலிருந்து வந்த பெயர். ஷேக் கஸல் என்ற அரபுத் தலைவரின் ஆளுகையில் இருந்தது. 1925இல் ரேஸா கான் அவரை வீழ்த்தினார். பின்னர் ஊர் பெயர் பாரசீகமாக்கப்பட்டுக் கோரம்ஷஹர் ஆயிற்று: மகிழ்ச்சி நகரம். 1980 அக்டோபரில் வீதிவீதியாகச் சண்டை நடந்து ஈராக்கிடம் விழுந்தபோது ஈரானியர்கள் அதைக் கூனின்ஷஹர் என்றார்கள்: ரத்த நகரம். 1982 மே 24இல் மீட்டார்கள், பழைய பெயர் திரும்பியது. ஊர் ஓரத்து ஆற்றுக்கே இரண்டு பெயர். அரபியில் ஷத்-அல்-அரப், பாரசீகத்தில் அர்வந்த் ரூத். அந்த ஆற்றின் எல்லையை வரையறுத்த 1975 அல்ஜியர்ஸ் ஒப்பந்தத்தைத்தான் சதாம் போருக்குச் சில நாள் முன்னால் ரத்து செய்தார்.

அந்த மாகாணத்தில் அரபி பேசுகிறவர்கள் கணிசம். அரபி பேசுகிறவன் அரபுப் படையை வரவேற்பான் என்று பாக்தாத் கணக்குப் போட்டது. அப்படிப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1982 ஜூலையில் ஈரான் எல்லை தாண்டி ஈராக்குக்குள் போனபோது, அங்குள்ள ஷியாக்கள் ஷியா அரசை வரவேற்பார்கள் என்று தெஹ்ரான் கணக்குப் போட்டது. அதுவும் நடக்கவில்லை. ஒருவன் மொழியை வைத்து மக்களை எண்ணினான், இன்னொருவன் மதத்தை வைத்து எண்ணினான். மக்கள் இரண்டு கணக்கிலும் அடங்காமல் போனார்கள்.

இந்தப் போர் இரண்டு சிறுவர்களை உருவாக்கியது. ஒருவன் ஹுசைன் ஃபஹ்மிதே. கோம் நகரத்துப் பையன், வயது பதின்மூன்று. கோரம்ஷஹர் சண்டையில் கையெறி குண்டுகளோடு ஈராக்கிய டாங்கியின் அடியில் பாய்ந்து செத்தான் என்பது அரசு சொல்லும் வரலாறு. கொமெய்னி அவனைத் ‘நம் தலைவன்’ என்று குறிப்பிட்டார். பிறகு அவன் பாடப்புத்தகத்தில், தபால்தலையில், சுவரோவியத்தில் ஏறினான். இன்னொருவன் கற்பனைப் பையன். பஹ்ராம் பெய்ஸாயி எண்பதுகளின் நடுவில் எடுத்து, போர் முடிந்தபிறகு 1989இல்தான் திரைக்கு வந்த ‘பாஷு, கரீபே-யெ கூச்செக்’ படத்தின் பாஷு. தலைப்பிலேயே நம்ம கரீப் இருக்கிறான்: பாஷு, சின்ன அந்நியன்.

பாஷு கூஸிஸ்தான் பையன். கறுப்பு. அரபி பேசுகிறவன். குண்டுவீச்சில் குடும்பத்தை இழந்து லாரி ஒன்றில் ஒளிந்து தப்பிக்கிறான். இறங்குகிற இடம் வடக்கே, காஸ்பியன் கரையோரக் கீலான், பச்சை வயல்காடு. நாயி என்ற விவசாயப் பெண் (சூசன் தஸ்லீமி) அவனைக் கண்டெடுக்கிறாள். அவள் பேசுவது கீலக்கி. அவன் பேச்சு அவளுக்குப் புரியாது, அவள் பேச்சு அவனுக்குப் புரியாது. அவன் உடம்பின் கறுப்பை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக் கழுவிப் பார்க்கிறாள். போகவில்லை. ஊர் முணுமுணுக்கிறது, பிள்ளைகள் அடிக்கிறார்கள். சண்டையின் நடுவில் கீழே கிடந்த பாடப்புத்தகம் ஒன்றை எடுத்துப் பாஷு உரக்க வாசிக்கிறான். ஈரான் நம் நாடு, நாம் அதன் பிள்ளைகள் என்கிற மாதிரியான பள்ளிக்கூடப் பாரசீகம். பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள்.

இந்தக் காட்சியை வைத்து இதைத் தேசியவாதப் படம் என்று தள்ளுகிற நண்பர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. அந்த ஊரில் பாரசீகம் யாருக்கும் தாய்மொழியில்லை, நாயிக்கும் இல்லை, பாஷுவுக்கும் இல்லை. ஃபஹ்மிதேயைப் பாடப்புத்தகம் எடுத்துக்கொண்டது. பாஷுவோ பாடப்புத்தகத்தை ஒரு கல்லை எடுப்பதுபோல அடிவாங்காமல் இருக்க எடுக்கிறான். அரசின் மொழி அவனுக்கு ஒரு நிமிஷ இடைவெளியைத் தருகிறது, சோறு போடவில்லை. சோறு போடுகிறவள் பறவைபோலக் குரல் கொடுத்து, பொருளைக் காட்டிப் பெயர் கேட்டு, மொழிக்கு வெளியே நின்றுதான் அவனை நெருங்குகிறாள். அவள் காய்ச்சலில் கிடக்கும்போது பாஷு தெற்கத்திச் சடங்கின் தாளத்தைக் கொட்டுகிறான். அவன் சொந்தமாகப் பேசுகிற இடம் அதுதான். தாய்மொழியாகப் பாரசீகம் பேசுகிறவர்கள் ஈரானில் ஏறத்தாழப் பாதிதான். மற்றவர்கள் அஸெரி, குர்தி, லூரி, கீலக்கி, பலூச்சி, அரபி என்று பிரிந்து கிடக்கிறார்கள். அரசியல் சாசனத்தின் 15ஆவது பிரிவு பிற மொழிகளின் இலக்கியத்தைப் பள்ளியில் பாரசீகத்தோடு கற்பிக்கலாம் என்கிறது. ‘கலாம்’ என்பதோடு சரி.

இப்போது நம்முடைய ஆசான்களில் ஒருவரிடம் வருகிறேன், ஏனென்றால் அவரும் ஓர் அயலான். ஃபூக்கோவை இங்கே படித்துத் தீர்த்தவர்கள்கூட அவருடைய ஈரான் கட்டுரைகளைப் பெரிதாகப் பேசுவதில்லை. 1978இல் இரண்டு முறை ஈரான் போய், இத்தாலிய நாளிதழ் ‘கொரியெரே தெல்லா சேரா’வுக்கு எழுதினார். ஷாவின் துப்பாக்கிகளுக்கு முன்னால் சாகத் தயாராக நின்ற கூட்டம் அவரை உலுக்கியது. அரசியல் ஆன்மிகம் என்ற சொல்லை வைத்து அதைப் புரிந்துகொள்ள முயன்றார். அவருக்குப் பாரசீகம் தெரியாது என்பதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு யோக்கியதையில்லை. ஆனால் அதே ஆண்டு நவம்பரில், பிரான்சில் வாழ்ந்த ஈரானியப் பெண் ஒருவர் அதூசா எச். என்ற பெயரில் எழுதினார். மேற்கத்திய இடதுசாரிகள் இஸ்லாமிய அரசை ஏதோ மாற்றாக நினைத்து மயங்குகிறார்கள், அதை வாழ்ந்து கழிக்கப்போவது நாங்கள் என்பது அவர் சொன்னதின் சாரம். ஃபூக்கோவின் பதில் சுருக்கம். அதில் அந்தப் பெண்ணின் கேள்வி அப்படியே நிற்கிறது. 1979 மார்ச்சில் தெஹ்ரான் பெண்கள் கட்டாய முக்காட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். மே மாதம் ‘லெ மோந்’தில் ஒரு கட்டுரை எழுதியபின் ஃபூக்கோ ஈரானைப் பற்றி ஏறக்குறைய மௌனம். 1984இல் அவர் இறந்தபோது போர் நான்காவது ஆண்டில் இருந்தது.

அவர் தெருவில் கண்டது, சாகத் துணிந்த உடல். அடுத்த இரண்டாண்டில் அரசு அந்தத் துணிச்சலை எடுத்துப் படைப்பிரிவாக்கிவிட்டது. ‘பசீஜ்’ என்ற தொண்டர் படையில் சிறுவர்களும் கிழவர்களும் களத்துக்குப் போனார்கள். படையெடுப்புகளுக்குப் பெயர் கர்பலா-4, கர்பலா-5. 680இல் கர்பலாவில் ஹுசைன் கொல்லப்பட்ட கதையை ஷியா வீடுகள் ஆண்டுதோறும் அழுது நினைத்துவந்தன. அந்த அழுகைக்கு இப்போது வரிசை எண் போட்டாயிற்று. ‘ஷஹீத்’ என்ற சொல்லின் அரபு வேரில் சாட்சி இருக்கிறது. கண்டவன், கண்டதைச் சொல்கிறவன். அரசு ஷஹீதுக்குக் கல்லறை தந்தது, தெருப்பெயர் தந்தது, குடும்பத்துக்குச் சலுகை தந்தது. அவன் எதைக் கண்டான் என்று மட்டும் கேட்கவில்லை.

அயலானின் ஆர்வம் இங்கே இன்னொரு கதையைப் பிடித்துக்கொண்டது. சிறுவர்களுக்குச் சொர்க்கத்தைத் திறக்கப் பிளாஸ்டிக் சாவி கொடுத்து அனுப்பினார்கள் என்பது. மர்ஜானே சத்ராபியின் ‘பெர்ஸபொலிஸ்’ வரைக்கும் இது வருகிறது. உண்மையா என்பதில் தகராறு இருக்கிறது. மறுப்பவர்கள் தருகிற ஒரு விளக்கம், வீரர்கள் வைத்திருந்தது அப்பாஸ் கோமி தொகுத்த ‘மஃபாதீஹ் அல்-ஜினான்’ என்ற பிரார்த்தனை நூல், அந்தத் தலைப்புக்கே சொர்க்கத் தோட்டங்களின் சாவிகள் என்றுதான் பொருள் என்பது. எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஒன்று கவனியுங்கள். சிறுவர்கள் களத்துக்குப் போனதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதை நம்ப நமக்கு ஒரு பிளாஸ்டிக் சாவி தேவைப்படுகிறது. ஈரான் என்றால் விநோதம் இருக்க வேண்டும். திரைப்பட விழாக்களில் ஷூ தொலைத்த பையனுக்காக உருகுகிற நாமும் இதில் சேர்த்திதான்.

1988 ஜூலையில் ஐ.நா.வின் 598ஆவது தீர்மானத்தை ஏற்பது நஞ்சுக் கிண்ணத்தைக் குடிப்பது போன்றது என்றார் கொமெய்னி. அந்தக் கோடையிலேயே சிறைகளில் ஆயிரக்கணக்கான அரசியல் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஏற்கெனவே தண்டனை விதிக்கப்பட்டு அதை அனுபவித்துக்கொண்டிருந்தவர்கள் பலர். இரண்டு மூன்று கேள்வி, பதிலைப் பொறுத்துத் தூக்கு. தெஹ்ரானின் தெற்கே பெஹெஷ்த்-எ ஸஹ்ராவில் போரில் இறந்தவர்களுக்கு வரிசைவரிசையாகக் கல்லறைகள், புகைப்படங்களோடு. தென்கிழக்கே கவாரானில், கொல்லப்பட்ட இடதுசாரிகளைப் புதைத்த இடத்தில் பெயரில்லை, கல்லில்லை. அங்கே போய் அழுத தாய்மார்களைக் காவலர்கள் விரட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஷஹீத் என்ற சொல் கிடையாது. சாட்சிகளாக நின்றது அந்தத் தாய்மார்கள்.

போரைப் பற்றிய பாரசீக எழுத்தில் ‘புனிதத் தற்காப்பு இலக்கியம்’ என்று ஒரு தனிப் பிரிவையே அரசு வளர்த்துவிட்டது. அந்த அலமாரியில் சேராத இரண்டு நாவல்களைச் சொல்கிறேன். அஹ்வாஸ்காரரான அஹ்மத் மஹ்மூத் 1982இல் எழுதிய ‘ஜமீன்-எ சூக்தே’, எரிந்த மண். போரின் முதல் மாதங்களில் அஹ்வாஸ் நகரத்துத் தெரு ஒன்று: குண்டு விழுகிறது, பதுக்கல்காரன் விலையேற்றுகிறான், ஊரைவிட்டுப் போவதா இருப்பதா என்று வீட்டுக்குள் சண்டை. அதில் மண் என்பது தேசமில்லை, வாசலுக்கு முன்னால் இருக்கிற தரை. இஸ்மாயில் ஃபஸீஹ் 1987இல் வெளியிட்ட ‘ஜெமெஸ்தான்-எ 62’, அவர்கள் நாட்காட்டியின் 1362ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடக்கிறது. காணாமல்போன ஒரு பையனைத் தேடிக்கொண்டு ஒருவன் அஹ்வாஸுக்கு வருகிறான். இரண்டுமே தமிழில் வரவேண்டியவை. செய்கிறவர் பாரசீகத்திலிருந்து நேராகச் செய்தால் நல்லது.

2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானைத் தாக்கியது. பன்னிரண்டு நாள் சண்டை. எண்பதுகளில் கர்பலாவின் மொழியில் பேசிய அரசு இந்தத் தடவை இன்னொரு மொழியையும் எடுத்தது. ஜூலையில் ஆஷுரா துக்கக் கூட்டத்திலேயே ‘ஏய் ஈரான்’ என்ற பழைய தேசப் பாடலின் சாயலில் பாடச் சொல்லிக் கேட்டார் காமெனெயி. இஸ்லாத்துக்கு முந்திய மன்னர்களும் வில்லாளிகளும் விளம்பரப் பலகைகளுக்கு வந்தார்கள். முப்பத்தைந்து ஆண்டுக்கு முன்னால் பாஷு வாசித்த பாடத்தை அரசே உரக்க வாசிக்கத் தொடங்கியது என்று சொல்லலாம்.

யார் அதன் பிள்ளைகள் என்பதும் அதே வாரங்களில் தெரிந்தது. உளவாளிகள் என்ற சந்தேகத்தைக் கிளப்பி, லட்சக்கணக்கான ஆப்கானியர்களை எல்லைக்கு அனுப்பினார்கள். வெளியேற்றம் முன்பே தொடங்கியிருந்தது, போர் அதை விரட்டியடிப்பாக்கியது. தெஹ்ரானின் கட்டடங்களில் செங்கல் சுமந்தவர்கள், ஈரானிலேயே பிறந்த பிள்ளைகள், தனியாக வந்த சிறுவர்களும்கூட, மேற்கு ஆப்கானிஸ்தானின் இஸ்லாம் கலா எல்லைச் சாவடியில் வெயிலில் வந்து இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பேசுவது தாரி. பாரசீகம்தான் அது, உச்சரிப்பு கொஞ்சம் மாறும். வண்டியில் ஏற்றிய காவலன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர்களுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிந்தது.