அடியில் ஒரே தண்ணீர், மேலே எத்தனை கிணறு! தெரியுமா?

யாழ்ப்பாணத்துப் புத்தூர் நிலாவரைக் கிணற்றுக்கு அடியே இல்லை என்று சொல்லித்தானே எங்களை வளர்த்தார்கள்? அடி இருக்கிறது! ஆனால் ஆழம் 150 அடியையும் தாண்டும்! மேலே அள்ளினால் நல்ல தண்ணீர், கீழே இறங்க இறங்க உப்பு! இராமர் அம்பு ஊன்றிப் பிறந்த ஊற்று என்பது ஊர்க்கதை. உண்மைக் கதை அதைவிட அதிசயம்! மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறே கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, புத்தூர் இருக்கும் வலிகாமத்துக்கு அடியில் ஒரே தேக்கமாக நிற்கிறது! புத்தூரில் அள்ளினாலும் சுன்னாகத்தில் அள்ளினாலும் அந்த ஒரே நீர்தான்!

அப்படியானால் மேலே?

மேலே இந்தச் சாதிக்கு இந்தக் கிணறு, அந்தச் சாதிக்கு அந்தக் கிணறு! நல்ல தண்ணீர்க் கிணற்றில் வாளி போட உரிமை இல்லாதவர்கள், யாராவது அள்ளி ஊற்றுவார்களா என்று குடத்தோடு மணிக்கணக்கில் காத்து நின்றார்கள்! எழுத்தாளர் கே. டானியல் இதற்கென்றே ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் என்ன தெரியுமா? 'தண்ணீர்'! வேறு பெயரே தேவைப்படவில்லை!

*

அடியில் ஒன்று, மேலே பல என்ற கதை எங்களுடையது மட்டுமல்ல! கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே மொழி, ஒரே மதம்! கொடியில் ஒரே வெள்ளை நட்சத்திரம்! எந்த நாடு?

சோமாலியா! அந்த நட்சத்திரத்தின் 5 முனையும் சோமாலியர் வாழும் 5 நிலப்பகுதிகளைக் குறிக்கிறது. எல்லாரும் ஒன்றாக வேண்டும் என்ற கனவைக் கொடியிலேயே தைத்து வைத்தார்கள்! 1960 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் சோமாலிலாந்துக்கு விடுதலை. ஜூலை 1 அன்று தெற்குச் சோமாலியாவோடு இணைப்பு. தனிநாடாக இருந்தது வெறும் 5 நாள்!

பிறகு என்ன நடந்தது? குலம்! சியாத் பாரே ஆட்சியில், 1970களின் தொடக்கத்தில், குலப்பற்றுக்கு உருவப் பொம்மை செய்து எரித்தார்கள், புதைத்தார்கள்! பொம்மை மண்ணுக்குள் போனது, குலம் போகவில்லை! 1991-ல் ஆட்சி கவிழ்ந்தது. அதே ஆண்டு மே 18 அன்று சோமாலிலாந்து தனியாகப் போய்விட்டோம் என்று அறிவித்தது!

மே 18! எங்கள் நெஞ்சில் முள்ளாக நிற்கும் தேதி அல்லவா? முள்ளிவாய்க்காலில் 2009-ல் போரோடு எல்லாம் முடிந்ததும் அதே மே 18! இந்த ஒற்றுமையைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2000-த்தில் சோமாலியாவைத் திரும்பக் கட்ட ஒரு கணக்குப் போட்டார்கள். அதன் பெயர் 'நான்கரை'! 4 பெரிய குலங்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. மற்ற எல்லாச் சிறு குழுக்களுக்கும் சேர்த்து? அரைப் பங்கு! மனிதரை அரையாக எண்ணி ஒரு நாடாளுமன்றம்!

*

'நல்லவேளை, எங்களிடம் குலச்சண்டை இல்லை' என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்!

1942-ல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ஒரு சங்கத்தின் பெயரைக் கேளுங்கள்: சிறுபான்மைத் தமிழர் மகாசபை! இலங்கையில் தமிழரே சிறுபான்மை. அந்தச் சிறுபான்மைக்குள் ஒரு சிறுபான்மை! பஞ்சமர் என்று ஒதுக்கப்பட்ட 5 சமூகங்களின் மக்கள், எங்கள் குறையை நாங்களேதான் சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்ற இடம் அது!

*

இப்போது வாய் பிளக்க வைக்கும் ஒரு கதை!

தனி ஈழம் வேண்டும் என்று முதன்முதலில் வெளிப்படையாகக் கேட்ட அரசியல்வாதிகளில் ஒருவர் யார்? சி. சுந்தரலிங்கம்! ஒக்ஸ்போர்ட்டில் படித்த கணிதப் பேராசிரியர்! 1947-ல் வவுனியா உறுப்பினர், சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் வர்த்தக அமைச்சர்! 1959-ல் அவர் தொடங்கிய கட்சியின் பெயர் ஈழத் தமிழர் ஒற்றுமை முன்னணி! ஒற்றுமை என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது, கவனித்தீர்களா?

1968-க்கு வாருங்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போய்க் கும்பிட வேண்டும் என்று வாசலில் அறப்போராட்டம்! வழியை மறித்து நின்றவர்களுக்கு முன்னால் நின்றவர் யார் தெரியுமா?

அதே சுந்தரலிங்கம்!

தமிழருக்குத் தனி நாடு கேட்ட கை, தமிழரைக் கோயில் வாசலில் தடுத்தது! அவர் மேல் வழக்குப் பாய்ந்தது. எங்கே வரை போனது? லண்டன் பிரிவி கவுன்சில் வரை! ஒரு முருகன் கோயில் வாசற்படி கடல் தாண்டி மகாராணியின் நீதிபதிகளுக்கு முன்னால் போய் நின்றது!

வழக்குக்கு அடிப்படையான சட்டம் எது? 1957-ன் 21-ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம். சாதி சொல்லிக் கோயிலிலும் கடையிலும் பாடசாலையிலும் யாரையும் தடுத்தால் குற்றம்! கொண்டுவந்தது எந்த அரசாங்கம் தெரியுமா? 1956-ல் 'சிங்களம் மட்டும்' சட்டம் போட்டு எங்கள் வாயைக் கட்டிய அதே பண்டாரநாயக்க அரசாங்கம்! நம்பவே முடியவில்லை, அல்லவா?

*

1931! ஆசியாவிலேயே முதன்முதலாக, ஆண் பெண் எல்லாருக்கும் வாக்குரிமையோடு பொதுத்தேர்தல் நடந்தது இலங்கையில்! ஆனால் எல்லாருக்கும் வாக்கு வேண்டாம் என்று எதிர்த்தவர்களில் தமிழ்த் தலைவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர்! எவ்வளவு பெரிய பெயர்!

இன்னும் இருக்கிறது! முழு விடுதலை கேட்டு யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலைப் புறக்கணிக்கச் சொன்னது. இவர்கள் சாதிக்கு எதிரிகள்! 1927-ல் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள்! குடாநாட்டின் 4 தொகுதிகளும் வெறுமையாகக் கிடந்தன. 1934 வரைக்கும்! வாழ்க்கையில் முதல் வாக்கு கையில் கிடைத்த ஒடுக்கப்பட்ட மனிதர் அதைப் போட 3 ஆண்டு காத்திருந்தார்! நல்ல நோக்கம்தான், ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

ஒடுக்கப்பட்ட மக்களில் ஒருவர் தேர்தலில் வென்று நாடாளுமன்றம் போக எவ்வளவு காலம் பிடித்தது? 1977-ல் உடுப்பிட்டியில் த. இராசலிங்கம்! 46 ஆண்டு!

*

ஒரு தேத்தண்ணிக்காக இரத்தம் சிந்தியது தெரியுமா?

கடைக்குள் மற்றவர்களுக்குக் கிளாஸ். ஒடுக்கப்பட்டவர்களுக்கு வெளியே நின்று போத்தலில், தகரப் பேணியில்! தீண்டாமைக்கு எதிராக 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் கிளம்பியது. பொலிஸ் அடித்தது. கலைந்தார்களா? இல்லை! அடி வாங்கிய பிறகும் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்து கூட்டம் போட்டார்கள்! அதிலிருந்து பிறந்ததுதான் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம். சங்கானை, சாவகச்சேரி, கொடிகாமம் என்று கடை கடையாக, கோயில் கோயிலாகப் போராட்டம்! கவிஞர் சுபத்திரன் ஊருக்கே வணக்கம் வைத்துக் கவிதை எழுதினார், சங்கானைக்கு!

அதே 1966-ல் யாழ்ப்பாணத்தில் முடி திருத்தும் கடை ஒன்றுக்குள் ஒரு இலக்கியச் சஞ்சிகை பிறந்தது! டொமினிக் ஜீவாவின் 'மல்லிகை'! அவருடைய சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. பாருங்கள், இங்கேயும் தண்ணீர்!

*

தமிழ்ப் பிள்ளைகள் விரும்பிச் சிங்கள மொழியில் படித்தார்கள் என்றால் நம்புவீர்களா? ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சைவப் பாடசாலைக் கதவு சாத்தியிருந்த காலம் அது. வலிகாமத்திலும் வடமராட்சியிலும் சில குடும்பங்கள் பௌத்தம் தழுவின! பிள்ளைகளுக்கென்று பௌத்தப் பாடசாலை வந்தது! சிங்களச் சட்டத்துக்கு எதிராக ஊர் கொதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்! அவர்களைத் துரோகி என்றவர்கள் உண்டு. கதவைச் சாத்தியவர்களை யாராவது அப்படிச் சொன்னார்களா?

*

1976 மே 14, வட்டுக்கோட்டைத் தீர்மானம்! தனி ஈழம் கேட்ட தீர்மானம் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள்ளேயே இன்னொரு வாக்குறுதி இருப்பது தெரியுமா? தமிழீழத்தில் சாதி ஒழிக்கப்படும், தீண்டாமை சட்டப்படி தண்டிக்கப்படும்! மாவிட்டபுரம் நடந்து 8 ஆண்டுக்குள் அப்படி எழுத வேண்டி வந்தது! அந்த வரி தானாக வரவில்லை. வாசலில் அடி வாங்கியவர்கள் எழுத வைத்த வரி அது!

*

'அதெல்லாம் பழங்கதை, போர் எல்லாரையும் ஒன்றாக்கிவிட்டது' என்கிறீர்களா?

2018! வரணியில் கண்ணகி அம்மன் தேர்த் திருவிழா! ஒடுக்கப்பட்ட மக்களும் வடம் பிடிக்கக் கூடாது என்பதற்காகத் தேரை எதைக் கொண்டு இழுத்தார்கள் தெரியுமா?

மண் வெட்டும் இயந்திரம்! ஆம், பெக்கோ!

கை பட வேண்டிய வடத்தை இரும்பு பிடித்து இழுத்தது!

இன்னொன்று. 1990-ல் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டபோது எல்லாச் சாதியும் ஒரே பாதையில்தான் ஓடியது. போர் முடிந்து பல ஆண்டுக்குப் பிறகும் மல்லாகம் பக்கத்து முகாம்களில் எஞ்சியிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் காணி இல்லாத ஒடுக்கப்பட்ட குடும்பங்கள்! காணி இருந்தவர் திரும்பினார், காசு இருந்தவர் வேறு இடம் வாங்கினார். இல்லாதவர் தகரக் கொட்டிலிலேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டார்!

*

கடைசியாக, திரும்பவும் புத்தூருக்கே வருவோம்!

புத்தூர் மேற்கில் கலைமதி என்று ஒரு கிராமம். வீடுகளுக்கு நடுவே மயானம்! பிணம் எரியும் புகை சோற்றுப் பானை வரைக்கும் வருகிறது, சுடலையை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று 2017-ல் அந்த மக்கள் வீதியில் உட்கார்ந்தார்கள். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, தொடர் போராட்டம்! பெண்களும் பிள்ளைகளும் முன்வரிசையில்! கைதுகள் நடந்தன, வழக்குகள் வந்தன. எதிரே நின்றவர்கள் சிங்களவர் அல்ல, அயலவர்தான்!

நிலாவரையைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வாகனம் பிடித்து வருகிறீர்களே! கிணற்றை எட்டிப் பார்த்து, படம் எடுத்து முடிந்ததும், அதே புத்தூரில் கலைமதிக்கும் ஒரு எட்டுப் போய்விட்டு வாருங்கள். அங்கே யாராவது ஒரு வீட்டில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். நிலாவரையில் ஊறும் அதே தண்ணீர்தான்!