கழல மறுக்கும் பிளக்

லாரியின் பின் அச்சு நடுவில் புடைத்திருக்கும் பகுதியைப் பட்டறைகளில் 'கிரவுன்' என்பார்கள். என்ஜினிலிருந்து நீளவாக்கில் வரும் சுழற்சியைக் குறுக்கே திருப்பிச் சக்கரங்களுக்குக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் எண்ணெயை வாரியபடி ஓடுகின்றன. அந்த எண்ணெயை மாற்றப் பெரும்பாலும் இரண்டு பிளக்குகள் இருக்கும். அடியில் இருப்பது வடிக்க, பக்கவாட்டில் சற்று உயரத்தில் இருப்பது ஊற்ற. பிளக் இரண்டும் கழன்றுவிட்டால் வேலை சுலபம்.

முதலில் கழற்ற வேண்டியது மேல் பிளக்கைத்தான். அடிப் பிளக்கைத் திறந்து எண்ணெயை வடித்தபின் மேல் பிளக் அசையாவிட்டால் வண்டி அங்கேயே மாட்டிக்கொள்ளும். எண்ணெய் இல்லாமல் ஓட்டினால் பற்கள் சூடேறித் தேய்ந்து, கிரவுனையே மாற்ற வேண்டிவரும்.

பிளக் இறுகிப் போவதற்கு முதல் காரணம் துரு. இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்குக்கு மேல் பெருகுகிறது. மரைகளுக்கு இடையிலுள்ள முடியளவு சந்தில் அப்படிப் பெருகும் துரு, ஆப்பு அடித்ததுபோல் இரு பக்கமும் நெருக்குகிறது. உப்பு ஈரம் பட்டால் துரு இன்னும் வேகமாக ஏறும். தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து லோடு ஏற்றும் வண்டிகளின் அடிப்பாகத்துக்கு இந்த ஆபத்து அதிகம். சில பிளக்குகளில் மரையின் அமைப்பே இறுக்கத்தைக் கூட்டும். 16 அங்குலத்துக்கு 1 அங்குலம் என்ற கணக்கில் ஒடுங்கும் குழாய் மரை உள்ளே போகப் போக நெருங்கும். முன்பு மாட்டியவர் மனம்போல் முறுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

இங்கே பலர் செய்யும் தவறு, எடுத்தவுடன் பலத்தைக் காட்டுவது. பலத்தைக் கொடுப்பதற்கு முன் துருவின் பிடியை உடைக்க வேண்டும்.

அதற்கு முன் கம்பி பிரஷ்ஷால் பிளக்கைச் சுற்றியிருக்கும் சேற்றையும் கிரீஸையும் சுரண்டி எடுக்க வேண்டும். சதுரக் குழி உள்ள பிளக் என்றால் குழியின் அடிவரை சுத்தம் செய்வது அவசியம். அழுக்கு நிரம்பிய குழியில் சாவி பாதிதான் இறங்கும், முறுக்கியதும் ஓரம் மழுங்கிவிடும். அறுகோணத் தலை என்றால் ஆறு முனை பாக்ஸ் ஸ்பானர் நல்லது. பன்னிரண்டு முனை ஸ்பானர் மூலைகளை மட்டும் பிடிப்பதால், இறுகிய பிளக்கில் எளிதில் வழுக்கும்.

அடுத்து துரு இளக்கும் எண்ணெய். எங்கும் கிடைக்கும் டபிள்யூடி-40 அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் 1953இல் உருவானது. உலோகத்திலிருந்து ஈரத்தை விலக்கித் துருவைத் தடுப்பதற்கென்றே அதைத் தயாரித்தார்கள். ஏற்கெனவே பிடித்த துருவுக்குள் ஊடுருவ அதற்கென்று செய்த எண்ணெய்கள் மேல். எதை அடித்தாலும் அது மரைக்குள் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். முதல் நாள் மாலை அடித்து மறுநாள் காலை கை வைப்பது நல்ல பழக்கம். இடையிடையே பிளக்கின் தலையில் சுத்தியலால் நேராகத் தட்டினால், அதிர்வில் துரு விரிசல் விட்டு எண்ணெய்க்கு வழி கிடைக்கும். பிறகு கழற்றும் திசைக்கு முன்னால், இறுக்கும் திசையில் மெல்ல ஓர் அசைப்பு. துரு அப்போதே உடைந்துவிடுவது உண்டு.

அதற்கும் மசியாவிட்டால் சூடு. 24 மி.மீ. விட்டமுள்ள இரும்புத் துளை 100 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.03 மி.மீ. விரியும். அந்த விரிவு துருப்பிடியை உடைக்கப் போதும். சூட்டைப் பிளக்கில் காட்டாமல், அதைச் சுற்றியுள்ள கூட்டில் காட்ட வேண்டும். எண்ணெய் ஸ்பிரே அடித்த இடத்தில் தீச்சுடர் கூடவே கூடாது. எண்ணெயைத் துடைத்துவிட்டு வெப்பக் காற்றுத் துப்பாக்கியைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

நீளமான பைப்பைச் செருகி இழுப்பது இதற்கெல்லாம் பிறகுதான். 30 செ.மீ. ஸ்பானருக்குப் பதில் 1 மீட்டர் பைப் என்றால் அதே கை மூன்று மடங்குக்கு மேல் முறுக்கும். சாவி நழுவினால் அதே வேகத்தில் கையும் தலையும் இரும்பில் மோதும். அதனால் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்த பிறகே வண்டிக்கு அடியில் போக வேண்டும்.

தலை முழுக்க மழுங்கிவிட்டாலும் வழி உண்டு. அதன்மேல் ஒரு நட்டை வெல்டிங் செய்தால் பிடிக்கப் புதுத் தலை கிடைக்கும், வெல்டிங் சூடே துருவையும் இளக்கும். மின்னணுக் கருவிகள் உள்ள புது வண்டிகளில் அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும்.

கழன்ற பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைப் பார்க்க வேண்டும். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். இரும்புச் சில்லுகள் தென்பட்டால் பல்லோ பேரிங்கோ உடைகிறது என்று அர்த்தம். திரும்ப மாட்டும்போது மரையைச் சுத்தம் செய்து, வாஷர் உள்ள பிளக்குக்குப் புது வாஷர் போட்டு, கம்பெனி கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினால் அடுத்த முறை கழற்றுபவருக்கு வேலை மிச்சம். புது எண்ணெயைப் பெரும்பாலான கிரவுன்களில் மேல் துளையின் கீழ் விளிம்பு வரை ஊற்ற வேண்டும். வண்டி சமதளத்தில் நின்றால்தான் அந்த அளவு சரியாக இருக்கும்.