செப்பின் அருகில் யார்?

சிவகாசி வாணங்களின் நீல ஒளிக்குக் காரணம் செப்பு. அதன் உப்பைத் தண்ணீரில் கரைத்தால் வெளிர்நீலம். அம்மோனியா சேர்த்தால் கருநீலம். அயனியைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகள் சிலவற்றின் இடத்தை அம்மோனியா பிடித்துக்கொண்டது. கரைசலுக்குள் நடக்கும் இந்த இடமாற்றத்தை எப்படி உறுதிசெய்வது?

இரட்டை நேர்மின்சுமை கொண்ட செப்பு அயனியில் ஓர் எலக்ட்ரான் ஜோடியின்றி நிற்கிறது. அது ஒரு சின்னஞ்சிறு காந்தம். (பச்சை ஒளி தரும் பேரிய அயனியில் அப்படி ஒன்று இல்லை, இனி சொல்லப்போகும் முறை அதற்கு உதவாது.) சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையைச் செலுத்தியபடி காந்தப்புலத்தை மெல்லக் கூட்டினால், குறிப்பிட்ட வலிமையில் எலக்ட்ரான் அலையை உறிஞ்சித் திசை மாறும். 1944இல் கசான் நகரில் இயற்பியலாளர் சவோய்ஸ்கி கண்டறிந்த எலக்ட்ரான் காந்த ஒத்ததிர்வு இதுதான். செப்பின் அணுக்கருவும் காந்தம் என்பதால், உறிஞ்சுதலைக் காட்டும் ஒரே கோடு நான்காகப் பிளக்கிறது. அழகே இங்குதான்: நீரின் ஆக்சிஜனுக்குப் பதில் அம்மோனியாவின் நைட்ரஜன் பிணைந்தால் பொதுவாக அந்தக் கோடுகளின் இடைவெளி விரியும், மையமும் நகரும். அண்டை அணு எதுவென்று ஊகிக்க அது போதும்.

விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரி வேதியியலாளர்கள் தாங்கள் தயாரித்த செப்பு அணைவுகளை (அயனியைப் பிற மூலக்கூறுகள் சூழ்ந்த சேர்மங்களை) இம்முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகள் உருண்டுகொண்டே இருப்பதால் கோடுகளின் மையம், இடைவெளி ஆகியவற்றின் சராசரிதான் கிடைக்கும். கரைசலைத் திரவ நைட்ரஜனில் 77 கெல்வினுக்கு உறையவைத்தால் அச்சு வாக்கிலும் குறுக்கிலும் தனித்தனி மதிப்புகள் தெரியும். அணைவு சதுரத் தளமா, நான்முகி வடிவை நோக்கி வளைந்ததா என்பதை அவற்றிலிருந்து கணிக்கலாம்.