பௌதிக மாணவனுக்கு உயிரியல் எதற்கு?

பதினைந்து வயதில் நாம் செய்துகொள்ளும் பாகப்பிரிவினைகளுள் ஒன்று, கணக்கா உயிரியலா என்பது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் பொறியியலை நாடுவோர் ஒரு பக்கமும் மருத்துவத்தை நாடுவோர் மறு பக்கமுமாக ஒதுங்குகின்றனர். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பிரிவு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் உண்டு. ஆயினும் நம்மிற் பலர் ஏதேனும் ஒன்றைக் கைகழுவிவிட்டே தில்லிக்கு வந்து சேர்கிறோம். அவ்வாறு உயிரியலைக் கைகழுவிய பௌதிக, இரசாயன, கணித மாணவர்களுக்கு அந்தக் கதவை மறுபடி திறந்து வைப்பது கல்லூரியின் துணைப்பாடம். நம் சங்கத்தில் இவ்வாண்டு புதிதாகச் சேர்ந்துள்ள தம்பி தங்கையர், "நீட் எழுதாதவனுக்கு உயிரியல் எதற்கு?" என்று வினவுகின்றனர். அவர்கள் வீட்டிலும் அதே கேள்விதான். எனக்குத் தெரிந்த விடையை இங்கே கூறுகிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுவோம். தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பாடத்திட்டத்தின்படி, ஒரே துறையைச் சேர்ந்த ஏழு பொது விருப்பப் பாடங்களை, பாடத்திற்கு நான்காக 28 மதிப்பலகுகள் ஈட்டி முடித்தால், எட்டாம் பருவத்தின் முடிவில் அத்துறை துணைப்பாடமாகச் சான்றிதழில் ஏறும். ஏழு என்பது சிறு எண்ணன்று. முதற் பருவத்திலேயே எண்ணித் தொடங்கினால் ஏழு சேர்வது எளிது. ஒரு பருவம் தாவரவியல், மறு பருவம் பொருளாதாரம், அதற்கடுத்து வேறொன்று என்று மேய்ந்து திரிந்தால் அறிவு கிட்டலாம், துணைப்பாடம் கிட்டாது.

இனி, உயிரியல் வெறும் மனப்பாடம் என்னும் பழிக்கு வருவோம். பெயர்கள் மிகுதி என்பது உண்மையே. அப்பழி முற்றிலும் பொய்யென்று யான் வாதாட மாட்டேன். ஆனால் அப்பெயர்க் காட்டைத் தாண்டினால், பௌதிக மாணவனுக்கு மிகவும் பழக்கமான நிலம் ஒன்று தென்படுகிறது. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்ப்போம்.

உயிரணுக்கள் ஏன் இத்துணைச் சிறியனவாக உள்ளன? நீரில் ஒரு மூலக்கூறு அங்குமிங்கும் முட்டி மோதிப் பரவுவதற்கு ஆகும் காலம் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. தூரம் இருமடங்கானால் காலம் நான்கு மடங்கு. பத்து மடங்கானால் நூறு மடங்கு. ஆக்சிஜன் நீரில் பரவும் வேகத்தைக் கொண்டு கணக்கிட்டால், ஓர் உயிரணுவின் அளவான 10 மைக்ரோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு வினாடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு சென்டிமீட்டரைக் கடக்க ஏழு மணி நேரம் ஆகும். ஒரு மீட்டருக்கோ எட்டு ஆண்டுகள்! நுரையீரலிலிருந்து கால் விரலுக்குக் காற்று இப்படித்தான் போய்ச் சேரவேண்டுமென்றால் நம் கதி என்னாவது? ஆகவேதான் பாக்டீரியாவுக்கு இதயம் வேண்டுவதில்லை, நமக்கு வேண்டியிருக்கிறது. பூச்சிகள் வேறொரு உபாயம் செய்துகொண்டன. நீரைவிடக் காற்றில் ஆக்சிஜன் சுமார் பதினாயிரம் மடங்கு எளிதாகப் பரவும். அதனால் அவை நுண்குழாய்களின் வழியே காற்றையே உடலுக்குள் நேராக இட்டுச் செல்கின்றன. இவற்றுள் எதை மனப்பாடம் செய்ய வேண்டும்? ஒரு சூத்திரம் தெரிந்தால் இதயமும் பூச்சியும் சேர்ந்தே விளங்குகின்றன.

இந்தப் பரவல் விதியை 1855இல் வகுத்தளித்த அடால்ஃப் பிக் ஒரு பௌதிக ஆசிரியர் அல்லர். உடற்கூறும் உடலியங்கியலும் கற்ற மருத்துவர். நம் பௌதிகப் புத்தகத்தில் அவர் பெயரைப் படிக்கும்போது இதனை யாரும் சொல்வதில்லை. அவரே 1870இல், இதயம் நிமிடத்திற்கு எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று அளக்கவும் வழி சொன்னார். உடல் நிமிடத்திற்கு 250 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் செலவிடுகிறது என்று கொள்வோம். நுரையீரலை விட்டு வரும் இரத்தத்தில் லிட்டருக்கு 200 மில்லிலிட்டரும், திரும்பி வரும் இரத்தத்தில் 150 மில்லிலிட்டரும் ஆக்சிஜன் உள்ளது. ஒவ்வொரு லிட்டரும் 50 மில்லிலிட்டரை இறக்கி வைத்துவிட்டு வருகிறது என்பது இதன் பொருள். அப்படியானால் நிமிடத்திற்கு ஐந்து லிட்டர் ஓடியாக வேண்டும். வரவு செலவுக் கணக்குத்தான். மளிகைக் கடைக்காரர்கூடப் போட்டுவிடுவார்.

ஆய்வுக்கூடத்திலும் இத்தகைய இன்பம் உண்டு. தவளையை அறுக்க வேண்டுமே என்று அஞ்சுவோர் அச்சத்தை விடலாம். பட்டப் படிப்பில் விலங்கறுவையைக் கைவிடுமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இலேயே அறிவித்துவிட்டது. ஆனால் வெங்காய வேர் இருக்கிறது. வேர்நுனியைச் சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளுக்கிடையே நசுக்கி, நுண்ணோக்கியில் வைத்தால் உயிரணுக்கள் பிளவுபடும் பல நிலைகளும் ஒரே சமயத்தில் காணக் கிடைக்கும். படம் வரைந்து பெயர் குறிப்பதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். அங்கே நிறுத்தாமல் எண்ணிப் பாருங்கள். 500 அணுக்களில் 10 மட்டும் நிறத்திரிகள் நடுவில் அணிவகுத்த நிலையில் இருப்பதாகவும், ஓர் அணு ஒரு முறை பெருகிப் பிளக்க 20 மணி ஆவதாகவும் கொண்டால், அந்நிலை நீடிப்பது அந்த 20 மணியில் நூற்றுக்கு இரண்டு பங்கு, அதாவது 24 நிமிடம். அசையாத ஒரு காட்சியிலிருந்து காலத்தையே அளந்துவிட்டோம்! (பெருகும் கூட்டத்தில் இளையவை மிகுதியாதலால் இக்கணக்கிற்குச் சிறு திருத்தம் தேவை. அத்திருத்தத்தைக் கண்டுபிடிப்பது கணித மாணவருக்கு நல்ல வேலை.)

நம்மவர் வரலாற்றிலும் சான்று தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. ஜி. என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகப் பேராசிரியர். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதம் மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது என்று கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் காட்டினார். 1963இல் அவரும் உடனுழைத்தோரும் வெளியிட்ட வரைபடம், ஒரு புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம், எவற்றில் திரும்பலாகாது என்பதைக் கூறுகிறது. அதன் அடிப்படை, இரண்டு அணுக்கள் ஒரே இடத்தில் இருக்க முடியாது என்னும் எளிய பௌதிகமே. சிதம்பரத்தில் 1952இல் பிறந்து பரோடாவில் வளர்ந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன், பௌதிகத்தில் முனைவர் பட்டம் பெற்ற பின்னர், மறுபடி மாணவராகி உயிரியல் வகுப்பில் போய் அமர்ந்தார். ரைபோசோம் ஆராய்ச்சிக்காக 2009இல் இரசாயன நோபல் பரிசில் பங்கு பெற்றவர் அவரே. முனைவர் பட்டத்திற்குப் பின் அவர் செய்ததை நாம் இருபது வயதுக்குள் செய்யலாமே என்பதுதான் என் கட்சி.

பெயர்க் காட்டைப் பற்றி ஒரு சொல். தமிழ் வழியில் படித்து வந்தோர் இங்கே ஆங்கிலப் பெயர்களைக் கண்டு மலைக்கின்றனர். உண்மையில் அவர்களிடம் ஒரு சாவி இருக்கிறது. மைட்டோகாண்டிரியா என்பது கிரேக்கத்தில் இழை, மணி என்னும் இரு சொற்களின் சேர்க்கை. நாம் பள்ளியில் படித்த "இழைமணி" அதன் நேர்ப் பெயர்ப்பு. பசுங்கணிகம் என்றாலே அது பச்சையானதென்று விளங்கிவிடுகிறது. தமிழ்ப் பெயரை மறக்காமல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பெயர் தானே பின்தொடரும்.

செலவையும் மறைக்கலாகாது. செய்முறை வகுப்புகள் பிற்பகல்களை விழுங்கும். தாவரவியலையே முதற்பாடமாகக் கொண்டவர்களின் எழுத்துக்குப் பழகிய ஆசிரியர் நம் விடைத்தாளைக் கண்டு முகஞ்சுளிக்கவும் கூடும். முதலிரு பருவங்களில் மதிப்பெண் சற்றுக் குறையலாம். சான்றிதழில் ஒரு வரி கூடும் என்பதற்காக மட்டும் எடுப்போர் மூன்றாம் பருவத்திலேயே சலித்துப் போவர். துணைப்பாடமாகப் படித்தால் மருத்துவராகிவிடலாமோ என்று எண்ணுவோரும் உளர்; அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. மருத்துவக் கல்லூரிக்கு நீட் தேர்வுதான் வாயில், இது கொல்லைப்புற வழியன்று. ஆனால் உயிரிப் பௌதிகம், புரத அமைப்பு, மரபணுத் தகவல்களைக் கணினியால் ஆராய்தல் ஆகிய துறைகளில் முதுகலை நாடுவோர்க்கு இது பேருதவி.

துணிந்தவர்கள் செய்யவேண்டுவது இவ்வளவே: பள்ளியின் பதினோராம் வகுப்பு உயிரியல் புத்தகத்தைக் கோடை விடுமுறையில் ஒரு முறை வாசித்துவிடுங்கள். பொது விருப்பப் பாடப் பட்டியல் வெளிவந்ததும், உயிரணுவைப் பற்றிய தாளை முதலிலும் வகைப்பாட்டுத் தாளைப் பின்னரும் எடுங்கள். செய்முறை ஏட்டிற்குப் பேனா உதவாது. நன்றாகச் சீவிய பென்சில் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.