தென்னை ஏறுவோருக்குச் சான்றொப்பம் இடுவது யார்?

தென்னையிலிருந்து விழுந்து இறந்தவரின் குடும்பத்துக்கு 7 லட்சம் ரூபாய் வழங்கும் விபத்துக் காப்பீடு ஒன்று உள்ளது. அதற்குத் தொழிலாளி ஆண்டுதோறும் செலுத்த வேண்டியது ஒரு சிறு தொகை மட்டுமே. ஆயினும், காரைக்காலின் நிலமற்ற தலித் தொழிலாளிக்கு அதை எட்டவிடாமல் செய்வது பணம் மட்டுமன்று, ஒரு கையொப்பமும்தான்.

ஒன்றிய அரசின் தென்னை வளர்ச்சி வாரியம் நடத்தும் அத்திட்டத்தின் பெயர் கேரா சுரக்ஷா. தென்னை ஏறுவோர், காய் பறிப்போர், நீரா இறக்குவோர் ஆகியோருக்கானது. ஆண்டுப் பிரீமியம் 956 ரூபாய். அதில் பெரும்பங்கை வாரியமே ஏற்கிறது. இச்சலுகையைப் பெற இரு வழிகள் உள்ளன. ஒன்று, 2011இல் தொடங்கப்பட்ட 'தென்னை மரங்களின் நண்பர்கள்' பயிற்சி. கருவி கொண்டு பாதுகாப்பாக மரமேறக் கற்பிக்கும் இப்பயிற்சியை முடித்தவருக்கு முதலாண்டுப் பிரீமியம் முழுவதும் இலவசம். மற்றொன்று, பரம்பரையாகவோ பழக்கத்தாலோ தொழில் கற்றவர், தாம் இத்தொழிலாளிதான் என்று வேளாண் அலுவலர், ஊராட்சித் தலைவர் அல்லது தென்னை உற்பத்தியாளர் அமைப்பின் பொறுப்பாளர் ஒருவரிடம் சான்றொப்பம் பெற்று விண்ணப்பிப்பது.

இங்கேதான் காரைக்காலின் தனிச்சிக்கல் எழுகிறது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 1968க்குப் பின் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல்தான். அம்மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தேர்தல் நடத்தப்படவில்லை. நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி என எந்தக் கொம்யூனிலும் மக்கள் தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவர் இல்லாத நிலையே நீடித்தது. அரசமைப்பின் 243ஈ பிரிவு பட்டியல் சாதியினருக்கு உறுதிசெய்த தலைவர் பதவிகளும் அதனுடன் மறைந்தன. எஞ்சியவர்கள் அலுவலரும் உற்பத்தியாளர் அமைப்பினரும். பின்னவர்கள் தோப்புடையவர்கள், அதாவது, விபத்து நேர்ந்தால் எதிர்த்தரப்பில் நிற்கக்கூடியவர்கள். அவர்களிடம் கூலி வாங்குபவர் அவர்களிடமே சான்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். இந்தக் காப்பீடு இல்லையென்றால் உரிமையே இல்லை என்பதன்று பொருள். பனை வகை மரங்களில் பாளை சீவுவோரையும் மரம் வெட்டுவோரையும் 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை பெயர் சுட்டியே உள்ளடக்கியது. தற்காலிகக் கூலிகளை விலக்கிய வாசகம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது. அச்சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் இவ்வேலைகளைத் தன் அட்டவணையில் தக்கவைத்துள்ளது. இழப்பீடு கோரப் பயிற்சிச் சான்றிதழ் தேவையில்லை. வேலைக்கு அமர்த்தப்பட்டார் என்பதே தேவை. தொழிலாளி தம் பெயரில் எடுத்த காப்பீட்டைக் காட்டி வேலையளித்தவர் தம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவும் இயலாது.

ஆனால், 'நான் அழைக்கவில்லை, அவராகவே ஏறினார்' என்பதே தோப்புடையவரின் வழக்கமான மறுப்பு. எனவே கூலி கொடுத்த நாள், தோப்பின் பெயர், உடன் ஏறியவர் யார் என்பவற்றைத் தொழிலாளர் குறித்துவைக்கும் பழக்கத்தை உருவாக்க வேண்டும். சேரிகளில் விண்ணப்ப முகாம் நடத்தி, வேளாண் அலுவலரை அங்கேயே வரவழைத்துச் சான்றொப்பம் பெறுவது மாணவர் அமைப்புகளால் இயலும் பணி. உள்ளாட்சித் தேர்தல் கோரிக்கையை வெறும் பதவிக் கோரிக்கையாகப் பார்ப்பவர்களுக்கு அந்த முகாமே விடை சொல்லும்: ஒருவரைத் தொழிலாளி என ஏற்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதே அங்கு எழும் கேள்வி.