நாகையிலிருந்து இலங்கைக்குக் கப்பல்: சம்பளக்காரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா?

குடுபல்லி - (நமது நிருபர்)

"தம்பி, சிலோன் கப்பலுக்கு இங்கேயே டிக்கெட் குடுப்பீங்களா?" என்று சென்ற ஆண்டு எங்கள் ஸ்டேஷன் கவுண்டரில் ஒரு பாட்டி கேட்டார். வரிசையில் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு காலத்தில் ரயில்வே கவுண்டரில் அப்படி டிக்கெட் கொடுக்கத்தான் செய்தார்கள்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு சென்னை எழும்பூரிலிருந்து கொழும்புக்கு ஒரே டிக்கெட் வாங்கலாம். தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், பிறகு மறுபடி ரயில். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பின் ராமேஸ்வரத்திலிருந்து 'ராமானுஜம்' கப்பல் ஓடியது. 1980-களில் இலங்கையில் கலவரமும் போரும் மூண்டதும் அதுவும் நின்றது.

பாட்டி அந்த 'ராமானுஜம்' கப்பலில் வந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் 1972-ல் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, பதினான்கு வயதில், ஒரு தகரப் பெட்டியோடு கரையேறினார். அக்காள் அங்கேயே பிரஜாவுரிமை பெற்றுத் தங்கிவிட்டார். அதற்குப் பிறகு இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை. பாட்டியின் மகன் எங்கள் பகுதியில் கேங்மேன். அவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், பாட்டி என ஐந்து பேர். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வெளிநாடு காட்டியது போலவும் ஆகும், பாட்டி அக்காளைப் பார்த்தது போலவும் ஆகும் என்று கணக்குப் போட உட்கார்ந்தோம். இதே யோசனையில் இருக்கும் குப்பம், கே.ஜி.எப். பக்கத்து வாசகர்களுக்கு உதவுமே என்று அதை இங்கே எழுதுகிறேன்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. சில நாட்களிலேயே மழைக்காலம் வந்து நின்றுபோயிற்று. 2024 ஆகஸ்ட் 16-ல் 'சிவகங்கை' என்ற கப்பல் வந்தது. அதுவும் மழைக்கு நின்று, 2025 பிப்ரவரியில் மறுபடி ஓடியது. தூரம் சுமார் 110 கிலோமீட்டர். ஏறக்குறைய நான்கு மணி நேரம். 2025 பிப்ரவரியில் போய்வர ஆள் ஒன்றுக்கு ரூ. 8,500 என்று அறிவித்தார்கள். ஐந்து பேருக்கு ரூ. 42,500. கட்டணமும், ஓடும் நாட்களும் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கப்பல்தான் மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது. நம் ஊருக்கு நாகையை விடச் சென்னைதான் கிட்டே. முன்கூட்டி வாங்கினால் டிக்கெட் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமலும் போகலாம். இதைப் பாட்டியிடம் சொன்னேன். "வந்த வழியே போறேன் தம்பி. மேலே பறந்து போனா எனக்குக் கடல் எங்கே தெரியும்?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்தது பாஸ்போர்ட். பெரியவர்களுக்கு ரூ. 1,500, பிள்ளைகளுக்கு ரூ. 1,000. எட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கும் அறுபது தாண்டியவர்களுக்கும் பத்து சதவீதம் தள்ளுபடி. ஆக மகன், மருமகளுக்கு 3,000, பாட்டிக்கு 1,350, பெரிய பையனுக்கு 1,000, சின்னவளுக்கு 900, மொத்தம் ரூ. 6,250. பணம் இவ்வளவுதான். ஆனால் நம்மவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமே இதுதான்.

ஆந்திராவில் ஒவ்வொருவருக்கும் 'இன்டிபேரு' என்று ஒரு குடும்பப் பெயர் உண்டு. நமக்கு இருப்பது இனிஷியல். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் இன்டிபேரு கேட்பார். நாம் ஏதோ சொல்வோம். அவர் தெலுங்கில் எழுதிக்கொள்வார். ஆதாரில் ஒரு விதம், ரேஷன் கார்டில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் வேறொரு விதம். பாஸ்போர்ட்டிலோ இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். நான் என் பெண்ணுக்கு விண்ணப்பித்தபோது அவள் பெயருக்குப் பின்னால் என் பெயரை ஒரு தாளில் முழுதாகவும், இன்னொன்றில் பாதியாகவும் எழுதிவைத்து, திருப்பதிக்கு இரண்டு தடவை அலைந்தேன். தவறு என்னுடையதே. கேங்மேன் வீட்டில் அந்தத் தப்பு நேரவிடவில்லை. முதலில் ஆதாரையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரே எழுத்தில் திருத்தினோம். அதற்கே மூன்று மாதம் பிடித்தது. ஏப்ரலில் பயணமென்றால் தீபாவளிக்கே தாள்களை வெளியே எடுத்துவிடுங்கள்.

சர்க்கார் உத்தியோகத்திலும் ரயில்வேயிலும் இருப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிப்பதை ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாடு செல்ல லீவும் தனியாக அனுமதி பெற வேண்டும். நம்முடைய ரயில்வே பாஸ் நாகப்பட்டினம் கடற்கரையோடு சரி. மற்றவர்கள் ஜோலார்ப்பேட்டை, சேலம், திருச்சி என்று மாறி மாறிப் போனால் அந்தச் செலவு பெரிதல்ல. இலங்கை அரசின் ஈ.டி.ஏ. என்ற முன்அனுமதியை அந்த அரசின் சொந்த இணையதளத்திலேயே எடுங்கள். இடைத்தரகரிடம் போக வேண்டாம்.

இலவசமாகக் கொண்டுபோக 10 கிலோ மூட்டைதான் என்றார்கள். முறுக்கும் அதிரசமும் சுட்டு டின்னில் அடைக்கும் வழக்கத்தை இந்த ஒரு தடவை விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம் நாள் கணக்கு. கடல் சரியில்லை என்றால் கப்பல் புறப்படாது. ஐந்து நாள் பயணத்துக்கு எட்டு நாள் லீவு போடுங்கள்; இரண்டு நாள் தங்கவும் சாப்பிடவும் கையில் தனிப் பணம் இருக்கட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நினைக்கவே வேண்டாம். 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய கப்பல் சில மாதங்களிலேயே நின்றுவிட்டது. கப்பல் சேவை அப்படிப்பட்டதுதான். ஓடும்போது போய்வந்துவிட வேண்டும்.

அவர்கள் 2025 ஏப்ரல் கடைசியில் போனார்கள். காங்கேசன்துறையில் இறங்கினால் கீரிமலைக் கேணி பக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டு ஏற மறுத்தார்களாம். யாழ்ப்பாணத்தில் இரண்டு நாள் தங்கி, நல்லூர்க் கந்தசாமி கோயில், கோட்டை, 1981-ல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய பொது நூலகம் எல்லாம் பார்த்தார்கள். பஸ்ஸில் ஏறி நயினாதீவுப் படகுத் துறைக்குப் போய், அங்கிருந்து படகில் நாகபூஷணி அம்மன் கோயிலுக்கும் போய்வந்தார்கள். எங்கேயும் தமிழ்தான் என்பதால் பாஷைத் தொல்லை இல்லை. அப்போது நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைத்தது; ஆனாலும் ஹோட்டல் சாப்பாடு நாம் நினைப்பதுபோல் மலிவில்லை என்கிறார் கேங்மேன். பிறகு பஸ்ஸிலேயே கண்டி வழியாக அட்டன். ஐந்து பேருக்கும் எல்லாமாகச் சேர்த்து ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். இரண்டு வருஷம் கட்டிய சீட்டுப் பணம்.

அக்காளைப் பார்த்தீர்களா என்று பாட்டியிடம் கேட்டேன். "அவளுக்குக் கண்ணு தெரியலை தம்பி. என் கையைத் தடவிப் பார்த்துட்டு, கொழுந்து பறிக்கிற கை மாதிரி இல்லையே, யாரு நீன்னு கேட்டா" என்றார்.

திரும்பும்போது 10 கிலோவில் நான்கு கிலோ தேயிலை. எங்கள் ஸ்டேஷனுக்கும் ஒரு பொட்டலம் வந்தது.